பாதுகாப்புப் பதிவேட்டில் ஏழாம் மேசை

உங்களை ஒன்று கேட்கலாமா? நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரைக் காட்டி மற்றவர்கள் கடைசியாகச் சிரித்தார்களே, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? "நான் சிரிக்கவில்லை" என்பீர்கள். சரி, வேறு என்ன செய்தீர்கள்?

ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் ஆய்வகப் பணியாளராக இருக்கும் ஒருவர் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறார். அதை எழுதுவதற்கு அவர் எடுத்த பதிவேடு, பலருடைய கருத்தில், தவறான பதிவேடு.

அவருக்கு வளாகத்தில் சோப்பு என்று பெயர். மாணவர்கள் சோப்பு அண்ணே என்பார்கள். அதனால் அவர் மேலதிகாரிகளுக்குச் சோப்புப் போடுகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அவர் யாரையும் புகழ்ந்ததாகத் தகவல் இல்லை. அந்தக் கலை மட்டும் கைவந்திருந்தால் இந்நேரம் ஸ்டோர் கண்காணிப்பாளராகியிருப்பார் என்பது பள்ளிச் சீருடை தைத்துக் குடும்பத்தில் பாதியைச் சுமக்கும் அவருடைய மனைவியின் கணிப்பு.

பெயர் ஒரு பாட்டிலால் வந்தது. ஆய்வகத்தில் இருபது மேசைகள். மேசைக்கு இரண்டு மாணவர்கள், இரண்டு எரிவாயுக் குழாய்கள். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அவர் ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, நாற்பது குழாய்களின் இணைப்புகளிலும் அதைத் தடவிக்கொண்டே போவார். எங்காவது குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். உடனே ரப்பர்க் குழாயை மாற்றிவிடுவார்.

அவருக்கு முன்பிருந்தவர் தீக்குச்சியை உரசிப் பார்ப்பார். கசிவுகளை அவரும் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஒரு முறை மிகவும் சரியாகக் கண்டுபிடித்ததில் ஒரு ஜன்னலும் அவருடைய இரண்டு புருவங்களும் போயின. அதன் பிறகு நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்து, பாதுகாப்புப் பதிவேடு என்று ஒன்றை அச்சடித்துக் கொடுத்தது. பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்க முடியாது. எழுதியதை அடிக்கக் கூடாது. அபாயம் என்று அதில் எதை எழுதினாலும், துறைத்தலைவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை ஆய்வகத்தைத் திறக்கக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் எழுதினால் பதில் வந்தே தீரும் என்கிற ஒரே தாள் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியங்களில் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. நடத்தும் விரிவுரையாளர் நன்றாகப் பாடம் சொல்வார். வகுப்பு தூங்காமல் இருக்க நடுநடுவே சிரிக்கவைப்பார். மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும். சோப்புக்காரருக்கும் பிடிக்கும்.

மூன்றாவது வாரம் நான்காம் மேசையில் ஒரு குடுவை விழுந்து உடைந்தது. உடைந்ததைப் பெருக்கித் துடைப்பது ஆய்வகப் பணியாளரின் வேலை. சோப்புக்காரர் வாளியும் துணியுமாகப் புறப்பட்டுவிட்டார். விரிவுரையாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இருங்க சோப்பு. ஸ்பெஷலிஸ்ட் இருக்கும்போது நாம எதுக்கு?" என்றவர், ஏழாம் மேசைப் பக்கம் திரும்பினார். "வாம்மா. உங்க வீட்டு சப்ஜெக்ட்தானே. இதுல நீ எங்களுக்கே கிளாஸ் எடுக்கலாம்."

ஏழாம் மேசை மாணவியின் அம்மா அதே கட்டடத்தில் துப்புரவுப் பணியாளர். வெளித் தாழ்வாரத்தைத் துடைப்பவர். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண்ணும் உதட்டளவில் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தாள். சோப்புக்காரரும் சிரித்தார், வாளியை அவள் கையில் கொடுத்தார். ஒரு வேலை குறைந்தது.

நான்காவது வாரம் ஒரு பீக்கர் உடைந்தது. விரிவுரையாளர் ஒன்றுமே சொல்லவில்லை, ஏழாம் மேசையைப் பார்த்தார். அவ்வளவுதான், வகுப்பு சிரித்தது. அவள் வந்தாள். ஐந்தாவது வாரம் எதுவும் உடையவில்லை. ஆறாவது வாரம் உடைந்தபோது அவர் பார்க்கவும் இல்லை. உடைத்தவனே "ஏழு" என்று கூப்பிட்டான்.

அவளுடைய பக்கத்து இருக்கை மாணவி இதற்கிடையில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி இடம் மாறிக்கொண்டாள். ஏழாம் மேசை ஜன்னலோரம். அவள் போனது சுவரோரம்.

அதே ஆறாவது வாரம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பிடிக்கச் சோப்புக்காரர் தாழ்வாரத்துக்கு வந்தார். மாணவியின் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் சோப்புக்காரரை அண்ணே என்பார், மகளும் அண்ணே என்பாள். அந்த வளாகத்தில் யாரும் முறை பார்ப்பதில்லை.

"உள்ள என்னண்ணே ஒரே சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. பசங்க."

"என் பொண்ணும் சிரிக்கிறாளா? வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. இங்கயாவது சிரிச்சா சரி."

சோப்புக்காரர் குழாயைத் திறந்த கையோடு நின்றதில் வாளி நிரம்பி வழிந்தது. "அண்ணே, தண்ணி" என்று சொல்லிவிட்டு, வழிந்ததையும் அந்த அம்மாவே துடைத்தார்.

ஏழாவது வாரம் அவளுடைய மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. அமிலம் பட்டு லேபிள் அழிந்துபோயிருந்தது. உள்ளே அடர்த்தியானதா, தண்ணீர் கலந்ததா என்று தெரியாது. இப்படி ஒரு பாட்டில் வந்தால் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். முதல் நாள் முதல் மணியில் சொல்லித்தருவது அது. அவள் கேட்கவில்லை. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். சோப்புக்காரர் நான்கு எட்டில் வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னம்மா பண்றே? மோந்து பார்க்கறதுக்கு இது என்ன பூவா?"

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சா சாரைக் கேட்கறதுக்கு என்ன?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டா திரும்பிப் பார்ப்பாரு அண்ணே. பார்த்தா ஞாபகம் வரும்."

பாட்டிலை மூடிவைத்தாள். நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு படிவம் எட்டிப்பார்த்தது. துறை மாற்றக் கோரிக்கை. பூர்த்தி செய்திருந்தாள், கையெழுத்து மட்டும் பாக்கி. அடுத்த வாரப் புதன்கிழமை கடைசி நாள்.

"எங்க போகப் போறே?"

"புள்ளியியல். அங்க உடையறதுக்கு ஒண்ணும் இல்லை."

அவள் சொல்லி முடிக்கவில்லை, பன்னிரண்டாம் மேசையில் ஏதோ உடைந்தது. "ஏழு" என்றார்கள்.

வேதியியல் படிக்க வந்த பெண் அவள். பள்ளிக்கூடத்தில் உப்புச் சோதனைக்கு மாவட்டப் பரிசு வாங்கியவள். ஒரு வாளி அவளைப் புள்ளியியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. அநீதி நல்ல பிள்ளையாக, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சோப்புக்காரர் மாணவர் குறைதீர் குழுவின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு எழுத்தர் இருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரொட்டி ஒன்று: 'சிறிதாக இருக்கும்போதே சொல்லுங்கள்.' எழுத்தர் படிவத்தை நீட்டினார்.

"பாதிப்பு என்னன்னு இங்க போடணும்."

"இன்னும் ஒண்ணும் ஆகலைங்க."

"பரீட்சையில ஃபெயில் ஆக்கினாங்களா?"

"இல்லை."

"விடுதியை விட்டு அனுப்பினாங்களா? உதவித்தொகை நின்னுபோச்சா?"

"இல்லைங்க. சிரிக்கிறாங்க. தரையைத் துடைக்கச் சொல்றாங்க."

எழுத்தர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்போ ஏதாவது ஆனப்புறம் வாங்க."

"அதுல அப்படிப் போடலையே" என்று சோப்புக்காரர் சுவரைக் காட்டினார். எழுத்தர் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சுவரொட்டி அவருக்குப் பின்னால் இருந்தது.

வியாழக்கிழமை காலை, மனைவி தையல் இயந்திரத்தில் காலர்களை வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தபோது சோப்புக்காரர் நடந்ததைச் சொன்னார். மனைவி மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"முதல் தடவை எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே, நீங்க?"

"அந்த நேரத்துல..."

"சிரிச்சீங்களா இல்லையா?"

"சிரிச்சேன்."

"வாளி யாரு கொடுத்தா?"

அவர் கொடியில் சட்டையைத் தேடினார்.

"நல்லாருக்கு. உங்க வேலையை அந்தப் பொண்ணு தலையில கட்டிட்டு, இப்போ அந்த வாத்தியார் மேல பழியைப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க." இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. "குழாய்ல குமிழி வந்தா என்ன பண்ணுவீங்க? வெடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டு வருவீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. தையல்காரர் வீட்டில் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மாணவியை நூலக வாசலில் பார்த்து, எழுதப் போவதாகச் சொன்னார். எங்கே என்றும் சொன்னார்.

"என் பேரு வேணாம் அண்ணே. மேசை நம்பர் போடுங்க."

"சரி."

"பாவம், அழுதா, அப்படியெல்லாம் எழுதிடாதீங்க. நான் அழலை. அவர் என்ன செய்யறாருன்னு எழுதுங்க. போதும்."

திங்கட்கிழமை காலை நாற்பது குழாய்களுக்கும் சோப்புத் தண்ணீர் தடவி முடித்தார். ஒன்றிலும் குமிழி இல்லை. அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே எழுதினார்:

'மேசை ஏழு. அபாயம் உள்ளது. கண்ணாடி உடைந்தால், இம்மேசை மாணவியின் தாயார் துப்புரவுப் பணியாளர் என்பதைச் சொல்லி விரிவுரையாளர் மாணவியைத் துடைக்க அழைத்தார். இப்போது வகுப்பே அழைக்கிறது. நான்கு முறை. கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் மாணவி சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டார். சென்ற செவ்வாய், லேபிள் இல்லாத பாட்டிலை முகரப் போனார். வாளியைக் கொடுத்தது நான். விபத்து: இன்னும் இல்லை.'

ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைத் துறைத்தலைவரின் மேசையில் வைத்தார். பதிவேட்டையும் வைத்தார். துறைத்தலைவர் அன்று ஊரில் இல்லை.

செவ்வாய் மதியம் முதலாண்டு மாணவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் தாழ்வாரத்தில் குவிந்திருந்தார்கள். ஏழாம் மேசை மாணவி ஓரமாக, படிவம் செருகிய நோட்டோடு நின்றாள். அறைக்குள் துறைத்தலைவர் பதிவேட்டை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும் வழக்கம் உடையவர். எதிரே விரிவுரையாளரும் சோப்புக்காரரும்.

"என்னங்க இது? இது கேஸ் லீக் எழுதற நோட்டுங்க."

"அட்டையில பாதுகாப்புன்னுதான் மேடம் போட்டிருக்கு."

"இதுல போய் ஒரு பொண்ணு விஷயத்தை எழுதுவாங்களா?"

"லேப்ல ஒருத்தர் கேட்க வேண்டியதைக் கேட்காம வேலை செஞ்சா அது அபாயம் மேடம். நீங்கதான் முதல் நாள் சொல்லித் தர்றீங்க."

விரிவுரையாளர் சிரிக்க முயன்றார். "சோப்பு, என்னய்யா இது? ஒரு ஜோக்கு அடிக்கக் கூடாதா? யாருக்கு என்ன ஆச்சு, சொல்லு."

"எதுவும் ஆகலை சார். அதான் இதுல எழுதினேன். ஆகியிருந்தா அது விபத்துப் பதிவேடு. அது வேற. சிவப்பு அட்டை."

"நான் அந்தப் பொண்ணைத் திட்டினேனா? மார்க்கைக் குறைச்சேனா?"

"மார்க்கு குறைஞ்சிருக்கு சார்."

"மூணு ரீடிங் கேட்டா ரெண்டு எடுத்திருக்கா. யாரா இருந்தாலும் ஆறுதான் போடுவேன். என் பையனா இருந்தாலும் ஆறுதான்."

"மூணாவது ரீடிங் எடுக்கற நேரத்துல அவங்க தரையைத் துடைச்சிட்டு இருந்தாங்க சார்."

துறைத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதிப்பெண் நோட்டைக் கேட்டார். விரிவுரையாளர் கொடுத்தார். துறைத்தலைவர் ஏழாம் மேசை மாணவியின் வரிசையில் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார்.

"ஒன்பது. ஒன்பது. ஆறு. ஆறு. ஒன்பது. ஆறு. ஆறு." விரல் பின்னால் போய் நின்றது. "இந்த ஐந்தாவது வாரம் மட்டும் ஒன்பது இருக்கே. அன்னைக்கு என்ன?"

"அன்னைக்கு எதுவும் உடையலை மேடம்" என்றார் சோப்புக்காரர்.

விரிவுரையாளர் நோட்டைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்த எண்களை எழுதியவர் அவர்தான். ஒவ்வொன்றும் நியாயமாகப் போட்ட எண். ஏழு எண்களையும் சேர்த்து அவர் ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. மனக்கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவருக்கு இந்தக் கணக்கு முடிய வெகுநேரம் பிடித்தது.

"நான் வேணும்னு பண்ணலை மேடம்" என்றார் கடைசியில்.

"வேணும்னு பண்ணியிருந்தா நான் உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார் துறைத்தலைவர். "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். செமஸ்டர் முடிவுல அந்தப் பொண்ணு பின்னால போயிருப்பா. ஏன்னு கேட்டா, அவங்க அம்மா செய்யற தொழில். அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போ விசாரணைக் குழு வரும். நீங்க ஜோக்குன்னு சொல்லுவீங்க. அவங்க இந்த மார்க் நோட்டைக் கேட்பாங்க."

பிறகு பேனாவை எடுத்தார். உடைந்ததை அகற்றுவது ஆய்வகப் பணியாளரின் வேலை, எந்த மாணவரையும் அதற்கு அழைக்கக் கூடாது, அந்த நான்கு செய்முறைகளையும் மாணவி மறுபடி செய்ய நேரம் ஒதுக்க வேண்டும், விரிவுரையாளர் இதைத் தம் வாயால் வகுப்பில் சொல்ல வேண்டும். கையெழுத்து, தேதி. சாவியை நீட்டினார்.

தாழ்வாரத்தில் விரிவுரையாளர் அவளிடம் போனார். சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள், காது கேட்கும் தூரத்துக்கு மட்டும்.

"நான் தமாஷுக்குத்தாம்மா சொன்னேன். பிடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எனக்கு மார்க் போடறவரு சார்."

அவள் தொடர்ந்தாள். "எங்க அம்மா வேலையில தமாஷா ஒண்ணும் இல்லை சார். காலைல அஞ்சு மணிக்கு வரணும். அவ்வளவுதான்."

"தப்புதாம்மா" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நகைச்சுவை எதுவும் இல்லை. வகுப்புக்குள் போய் அதையே மறுபடி சொன்னார். கடைசி வரிசையில் யாரோ ஒருவன் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

அன்று பத்தாம் மேசையில் ஒரு பிப்பெட் உடைந்தது. சோப்புக்காரர் வாளியோடு போனார். ஏழாம் மேசையில் ஒரு கை மேலே போயிற்று.

"சார், இந்த பாட்டில்ல லேபிள் இல்லை."

விரிவுரையாளர் வந்து பார்த்தார். "நல்லவேளை கேட்டே" என்றார்.

சோப்புக்காரர் தண்ணீர் மாற்ற வெளியே வந்தபோது அவளுடைய அம்மா கேட்டார்: "இன்னைக்கு என்னண்ணே உள்ள சத்தத்தையே காணோம்?"

"வேலை நடக்குதும்மா."

புதன்கிழமை மாலை துறை மாற்ற விண்ணப்பங்கள் முடிந்தன. ஏழாம் மேசையிலிருந்து எதுவும் போகவில்லை. அந்தப் படிவத்தின் பின்பக்கம் வெற்றுத்தாள். அடுத்த செவ்வாய் சோப்புக்காரர் மேசைகளைத் துடைக்கும்போது அது அங்கே கிடந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று ரீடிங் எழுதியிருந்தது. மூன்றும் ஒன்றுபோல.

ஒரு மாதம் கழித்து நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. விரிவுரையாளருக்கு அல்ல, சோப்புக்காரருக்கு. பதிவேட்டில் அவர் தம் கையால் எழுதிய வாக்குமூலத்தின்படி, உடைந்த கண்ணாடியை அகற்றும் கடமையிலிருந்து அவர் நான்கு முறை தவறியிருக்கிறார். அந்த நேரங்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டும்.

பணியாளர் சங்கத்தில் கொதித்தார்கள். மனைவி மட்டும், "கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லையே" என்றார். சோப்புக்காரருக்கும் அப்படித்தான் பட்டது. உட்கார்ந்து பதில் எழுதினார்:

'முதல் முறை சிரித்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.'

அந்தப் பதிலின் மேல் என்ன நடவடிக்கை எடுப்பதென்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை. கோப்பில் வைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு அப்படி ஒரு மெமோ வரப் போவதில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு வராது. ஆனால் அடுத்த சிரிப்பு வரும். வகுப்பிலோ அலுவலகத்திலோ, ஒருவருடைய அம்மாவின் தொழிலையோ ஊரையோ நிறத்தையோ பேச்சையோ காட்டி யாரோ ஒரு நல்ல மனிதர், எல்லாருக்கும் பிடித்த மனிதர், தமாஷுக்காகச் சொல்வார். ஏதாவது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் முறையே, எல்லார் முன்னிலையிலும், சாதாரணக் குரலில், "அது இவங்க வேலை இல்லை" என்று சொல்லுங்கள். வாளி உங்கள் கையில் இருந்தால், அதைக் கொடுக்காதீர்கள்.